ஆயில் பிரஷர் லைட் எரிந்தால்: இன்ஜினைக் காப்பாற்றும் வழி, படிப்படியாக

ஓடிக்கொண்டிருக்கும் பைக்கின் மீட்டரில் சிவப்பாக அந்த ஆயில் கேன் படம் எரிந்தால், செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்றுதான். கிளட்சைப் பிடியுங்கள், கில் சுவிட்சைத் தட்டி இன்ஜினை நிறுத்துங்கள், வண்டியை அதன் போக்கில் உருளவிட்டு ஓரம் கட்டுங்கள். சாவியைத் திருப்ப வேண்டாம். கில் சுவிட்ச் என்றால் இன்ஜின் மட்டும்தான் நிற்கும். பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் வேலை செய்துகொண்டே இருக்கும், பின்னால் வருபவருக்கு நீங்கள் ஒதுங்குவது தெரியும்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்" என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஷெல் பேரிங் (அரைவட்டத் தகடுகளாலான பேரிங்) போட்ட இன்ஜினில், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் உலோகத்தின் மேல் சுற்றுவதில்லை. நடுவில் முடியைவிட மெல்லிய ஓர் ஆயில் படலம் இருக்கிறது, அதன் மேல்தான் மிதந்தபடி சுற்றுகிறது. பம்ப் ஆயில் அனுப்புவது நின்றால் அந்தப் படலம் கிழிந்து உலோகமும் உலோகமும் உரச ஆரம்பிக்கும். அப்படி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் ஆயில் டாப்-அப்பில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்தை கிராங்க் வேலையாக மாற்றிவிடும்.

நிறுத்தியாகிவிட்டது என்றால் பாதி ஆபத்து போயிற்று. இனி நிதானமாகப் பார்க்கலாம்.

அந்த லைட் உண்மையில் என்ன சொல்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பானரை எடுத்தால் தவறான பாகத்தைத்தான் கழற்றுவோம். இன்ஜினில் திருகியிருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சவ்வு, அதை ஒட்டி ஒரு காண்டாக்ட். இன்ஜின் ஓடாதபோது காண்டாக்ட் மூடியிருக்கும். லைட்டுக்கு வரும் ஒயர் இன்ஜின் பாடி வழியாக எர்த் ஆகி லைட் எரியும். சாவி போட்டதும் லைட் எரிவதும், ஸ்டார்ட் செய்ததும் அணைவதும் இதனால்தான். ஆயில் அழுத்தம் சவ்வைத் தள்ளியதும் காண்டாக்ட் பிரிந்துவிடும்.

எத்தனை அழுத்தத்தில் பிரியும் என்பதுதான் முக்கியம். பெரும்பாலான சுவிட்சுகள் 3 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) பிரிந்துவிடும். வேகமாக ஓடும்போது 60 பி.எஸ்.ஐ. வேண்டிய இன்ஜினில் 15 மட்டுமே இருந்தாலும் லைட் அமைதியாக அணைந்தேதான் கிடக்கும். ஆகவே லைட் அணைந்திருக்கிறது என்பதை வைத்து அழுத்தம் போதும் என்று முடிவு கட்ட முடியாது. எரிகிறது என்றால் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, அல்லது ஒயரிங்கிலோ சுவிட்சிலோ கோளாறு. இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. நிரூபணம் ஆகும்வரை லைட் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எல்லா வண்டியிலும் அந்தப் படம் அழுத்தத்தைக் குறிப்பதில்லை. யமஹாவின் பல மாடல்களில் அது ஆயில் அளவைப் பார்க்கும் லைட். சில வண்டிகளில் கூலண்ட் சூட்டுக்கும் ஆயிலுக்கும் சேர்த்து ஒரே லைட். சிறிய வண்டிகள் பலவற்றில் இப்படி ஒரு லைட்டே கிடையாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு வையுங்கள். அழுத்த லைட் என்றால் ஸ்டார்ட் செய்யும்வரை விடாமல் எரியும். அளவு லைட் என்றால் சில நொடிகள் எரிந்து தானாக அணையும். ஆனாலும் ஓனர்ஸ் மேனுவலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாவி போட்டும் அழுத்த லைட் எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். பல்போ ஒயரோ சுவிட்சோ போயிருக்கிறது, ஆபத்து வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

எப்போது எரிந்தது?

மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மறக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள், பாதி விடை இதிலேயே இருக்கும்.

பிரேக் பிடிக்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ வளைவில் சாயும்போதோ மின்னி மறைந்தால் ஆயில் குறைந்திருக்கிறது. சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள கொஞ்சம் ஆயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடிக்கிறது. நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் மட்டும் மினுக்கி, ஆக்சிலேட்டரை லேசாகத் திருகியதும் அணைந்தால் ஆயில் நீர்த்திருக்கலாம், ஐடிலிங் ஆர்.பி.எம். இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கலாம், அல்லது உள்ளே தேய்மானம் தொடங்கியிருக்கலாம். மழையிலோ தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகோ மட்டும் எரிந்தால் ஒயர் மேல் சந்தேகம். ஆயில் மாற்றிய மறுநிமிடமே எரிந்தால் ஆயில் மாற்றியவரின் கைவேலையில்தான் ஏதோ இருக்கிறது. எதுவுமில்லாமல் திடீரென்று எரிந்து, கூடவே அடியிலிருந்து "டக் டக்" என்று கனமான சத்தம் கேட்டால் அந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

முதல் படி: ஆயில் அளவு

குனிந்து இன்ஜினுக்கு அடியில் பாருங்கள். டிரெயின் போல்ட், ஆயில் பில்டர், கேஸ்கட் ஓரங்கள், ஆயில் கூலருக்குப் போகும் ஹோஸ். கசிவு தெரிந்தால் பின் டயரையும் தடவிப் பாருங்கள். டயரில் ஆயில் பட்டிருந்தால் வண்டியை நகர்த்துவதற்கு முன் அதைத் துடைத்தாக வேண்டும்.

அடுத்து அளவு. இதில்தான் புதியவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள், இல்லையென்றால் ஒருவரை நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். இன்ஜினை நிறுத்தியவுடன் பார்க்க வேண்டாம். மேலே ஹெட்டில் இருக்கும் ஆயில் கீழே இறங்க மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் குச்சி) என்றால் துடைத்துவிட்டு உள்ளே விட்டு எடுக்க வேண்டும். மரையைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல ஹோண்டா வண்டிகளில் திருகாமல்தான் பார்க்க வேண்டும். ஆயில் தனி டேங்கில் இருக்கும் டிரை சம்ப் வண்டி சில நாள் சும்மா நின்றால் ஆயில் மெல்ல இறங்கி கிராங்க் கேஸில் சேர்ந்துவிடும், டேங்கில் குறைவாகத் தெரியும். அங்கே அவசரப்பட்டு ஊற்றினால் அதிகமாகிவிடும்.

குறைந்திருந்தால் மேனுவலில் சொன்ன கிரேடில் டாப்-அப் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள். கண் லைட் மேலேயே இருக்கட்டும். நான்கைந்து நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லையா, உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஓட்டலாம், ஆனால் ஆயில் எங்கே போனது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. கசிகிறதா, நீலப் புகையாக எரிகிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள்.

அளவு அதிகமாக இருப்பதும் நல்லதல்ல. சுழலும் கிராங்க் அந்த ஆயிலை மத்துப் போட்டுக் கடைந்த மாதிரி நுரையாக்கிவிடும்; நுரையைப் பம்ப் தள்ளினால் அழுத்தம் நிற்காது. நீங்கள் ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். பெட்ரோல் வாசனை வருகிறதா? கார்புரேட்டர் வண்டிகளில் ஃப்ளோட் நீடில் (பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி) சரியாக அடைக்காமல் போனால் பெட்ரோல் சிலிண்டர் வழியே ஒழுகி ஆயிலில் கலக்கும். அளவு ஏறிக்கொண்டே போகும், அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது, ஒழுகும் இடத்தைச் சரி செய்ய வேண்டும். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் உட்புறம் மட்டும் கொஞ்சம் வெண்மையாகப் படிவது வேறு விஷயம். அது வியர்வை மாதிரி படிந்த ஈரம், ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும்.

இரண்டாம் படி: என்ன ஆயில், எத்தனை நாள் ஆயில்?

10டபிள்யூ-40 என்ற பெயரில் 40 என்பது சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. 100 டிகிரி செல்சியஸில் அளந்தால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 30 கிரேடுக்கு அது 9.3 முதல் 12.5 வரைதான். 40 கேட்கும் இன்ஜினில் 30 ஊற்றினால் சூடான ஐடிலிங்கில் லைட் மினுக்குவதற்கு அதுவே போதும்.

பைக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே ஆயில். ஆயிலைச் சூட்டிலும் கெட்டியாக வைத்திருக்கச் சேர்த்திருக்கும் நீளமான பாலிமர் இழைகளை கியர் பற்கள் நறுக்கிக்கொண்டே இருக்கும். நாள் கடந்த ஆயில் 40 ஆக உள்ளே போய் 30 ஆக நிற்பது இப்படித்தான். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால் புதிய பில்டரோடு ஆயிலை மாற்றிவிட்டு மேலே தொடருங்கள். ஆனால் லைட்டை அணைப்பதற்காகவே மேனுவலில் இல்லாத கெட்டி ஆயிலை ஊற்றாதீர்கள். லைட் அணையும், உள்ளே இருக்கும் கோளாறு அப்படியே வளரும்.

மூன்றாம் படி: ஒயரும் சுவிட்சும்

ஆயில் சரியாக இருக்கிறது, இன்ஜினில் வேற்றுச் சத்தமில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

சுவிட்ச் பெரும்பாலும் கிராங்க் கேஸில், ஆயில் பில்டர் பக்கத்திலோ கிளட்ச் கவர் ஓரத்திலோ இருக்கும். மேலே ரப்பர் தொப்பி, அதிலிருந்து ஒற்றை ஒயர். தொப்பியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஊறியிருந்தால் சுவிட்சின் சவ்வு கிழிந்துவிட்டது, அது மாற்ற வேண்டியதே.

இப்போது ஒயரைக் கழற்றி எதிலும் படாமல் காற்றில் விடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். லைட் அணைந்திருக்க வேண்டும். அப்போதும் எரிந்தால் அந்த ஒயர் வழியில் எங்கோ உரசி, தோல் உரிந்து, பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஹேண்டில் கழுத்துப் பக்கமும் இன்ஜின் மவுண்ட் பக்கமும் தேடுங்கள். அடுத்து அதே ஒயரின் முனையை இன்ஜின் பாடியில் தொட்டுப் பாருங்கள். லைட் எரிய வேண்டும். எரிந்தால் பல்பும் ஒயரும் நன்றாக இருக்கின்றன.

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். "ஒயரைக் கழற்றினால் அணைகிறது, அப்படியானால் சுவிட்ச்தான் கெட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிடையாது. ஒயர் நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அந்தச் சோதனை வேறெதையும் சொல்லவில்லை. சுவிட்ச் கெட்டிருக்கலாம், அல்லது சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்து, அழுத்தமில்லை என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் பழைய நான்கு சிலிண்டர் வண்டி சூடான ஐடிலிங்கில் லைட்டை மினுக்க ஆரம்பித்தபோது, வேலை பார்த்த இடத்தில் சுவிட்சை மாற்றிக் கொடுத்தார்கள். சில நாள் அமைதியாக இருந்தது. அப்புறம் மறுபடி மினுக்கியபோது அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தேன். 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்ட வேண்டிய முள் 20ஐத் தாண்டவில்லை. சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், பம்ப் ஆயிலை உறிஞ்சும் சல்லடையின் கண்களை நீல நிற சிலிகான் கேஸ்கட் பசை புழுப் புழுவாக அடைத்திருந்தது. முன்பு யாரோ ஒரு கவரை மாட்டும்போது தாராளமாகப் பூசி, பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து, ஆயிலோடு மிதந்து வந்து சேர்ந்திருக்கிறது. சல்லடையைக் கையில் வைத்து ஒவ்வொரு துணுக்காகக் குறடால் பிடுங்கி எடுத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. இடைப்பட்ட நாட்களில் அந்த பேரிங்குகள் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

நான்காம் படி: கேஜ் மாட்டி அளப்பது

சந்தேகம் தீர இது ஒன்றே வழி. சுவிட்சைக் கழற்றி அதே துளையில் அடாப்டர் போட்டு முள் வைத்த கேஜை மாட்ட வேண்டும். மரையில் கவனம் தேவை. ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இருப்பது எட்டில் ஒரு அங்குல பி.எஸ்.பி.டி. என்ற வகை மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. அதைப் போலவே தோன்றும் என்.பி.டி. மரையில் 27 சுற்று. முதல் இரண்டு சுற்று ஏறிவிடும், அதற்கு மேல் பலம் கொடுத்தால் அலுமினிய கேஸில் விரிசல் விழும். கையால் சுலபமாக ஏறவில்லையென்றால் நிறுத்திவிட்டு அடாப்டரைச் சரிபாருங்கள்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அளக்க வேண்டும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த இன்ஜினும் நல்ல அழுத்தம் காட்டும். சர்வீஸ் மேனுவலில் "80 டிகிரியில், இத்தனை ஆர்.பி.எம்.மில், இத்தனை அழுத்தம்" என்று கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும், அடுத்த வண்டியின் எண்ணை அல்ல. 1970களின் பிற்பகுதியில் வந்த சுஸுகி ஜிஎஸ்750ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிராங்க் ரோலர் பேரிங்கில், அதாவது சின்ன உருளைகளின் மேல், சுற்றுவதால் சூடான நிலையில் 3000 ஆர்.பி.எம்.மில் சதுர செ.மீ.க்கு 0.1 கிலோ, அதாவது 1.4 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தாலே போதும். ரோலருக்கு ஆயில் பாய்ந்துகொண்டிருந்தால் சரி, அழுத்தம் பெரிதாக வேண்டாம். ஷெல் பேரிங் போட்ட நான்கு சிலிண்டர் இன்ஜினில் அதே எண்ணைப் பார்த்தால் அது சாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

கேஜ் சரியான அளவைக் காட்டினால், இப்போது தைரியமாகச் சொல்லலாம்: சுவிட்ச்தான் கெட்டது. முள் அசையவே இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள்; பம்ப்பைச் சுற்றும் செயினோ கியரோ போயிருக்கலாம், ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பி விடும் வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது பம்ப்புக்கு ஆயிலே போகவில்லை. முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் எங்கிருந்தோ காற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கும். குளிரில் நன்றாக இருந்து, சூடாகச் சூடாக இறங்கிக்கொண்டே போனால், ஆயில் புதிது என்ற நிலையில், தேய்மானம்தான்.

ஐந்தாம் படி: உள்ளே பார்ப்பது

எளிதாகக் கழற்றக்கூடியதிலிருந்து தொடங்குங்கள். முதலில் பில்டர். இன்ஜினுக்குள் செருகும் காகித எலிமென்ட் வகை என்றால் எந்தப் பக்கம் உள்ளே இருக்க வேண்டும் என்பது முக்கியம். துளையுள்ள பக்கம் மாறினால் ஆயில் வழி அடைபடும். பழைய வண்டிகளில் பில்டரோடு ஒரு ஸ்பிரிங்கும் வாஷரும் வரும். பழைய பில்டரின் அடியில் அந்த வாஷர் ஒட்டிக்கொண்டு அதோடு குப்பைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கும். பழைய பில்டரைத் தூக்கிப் போடும் முன் திருப்பிப் பாருங்கள்.

பில்டரின் காகிதத்தை அறுத்து, வெள்ளைத் துணியில் விரித்து, வெயிலில் பிடியுங்கள். கருப்பான நார்த் துகள் கிளட்ச் பிளேட்டிலிருந்து வருவது, கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி படிந்திருப்பதும் சாதாரணம். ஆனால் காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளி மாதிரி மினுக்கும் செதில்கள் இருந்தாலோ, செம்பு நிறத் துகள் தெரிந்தாலோ ஷெல் பேரிங் உரிந்துகொண்டிருக்கிறது. இதற்கு மேல் ஸ்டார்ட் செய்து சோதனை பார்க்க வேண்டாம். இன்ஜினைப் பிரித்து கிராங்க் இடைவெளியை அளக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பில்டர் சுத்தமாக இருந்தால் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைப் பாருங்கள். பல வண்டிகளில் ரிலீஃப் வால்வும் அங்கேயே இருக்கும். அதன் பிஸ்டனை ஒரு மரக்குச்சியால் அமுக்கினால் வழுக்கி உள்ளே போய், விட்டதும் ஸ்பிரிங் வேகத்தில் திரும்ப வேண்டும். மணல் துகள் ஒன்று நடுவில் சிக்கினாலும் வால்வு திறந்தே நின்று ஆயில் முழுவதும் சம்ப்புக்கே திரும்பிவிடும். பம்ப் கடைசி. உள் ரோட்டருக்கும் வெளி ரோட்டருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் 0.20 மி.மீ. தாண்டினால் மாற்றச் சொல்கிறார்கள். ரோட்டர் முகத்தில் கீறல் நகத்தில் தட்டினாலும் மாற்றுவதே நல்லது.

திரும்ப மாட்டும்போது

சிலிகான் பசையை மெல்லிய கோடாக மட்டும் பூசுங்கள், பசை தேவையில்லாத கேஸ்கட்டில் பூசவே வேண்டாம். பில்டர் டப்பா நிமிர்ந்து நிற்கும் வகை என்றால் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். பம்ப் காற்றோடு போராடும் நேரம் குறையும்.

சுவிட்ச் மரையில் சீலன்ட் பூசும்போது முனையிலிருந்து மூன்று நான்கு மி.மீ. விட்டுவிட்டுப் பூசுங்கள். முனை வரை பூசினால் பசை துளைக்குள் போய் சுவிட்சை அடைக்கும். டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஏற்றினால் சுவிட்சுக்கு எர்த் கிடைக்காமல் லைட் எரியாமலே போகலாம். சின்ன மரை அது, மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (இறுக்கும் அளவு) மேல் இறுக்க வேண்டாம்.

ஒயரை மாட்டி ரப்பர் தொப்பியை மூடுங்கள். சாவி போட்டதும் லைட் எரிகிறதா என்று பாருங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப்பைப் பிரித்து மாட்டியிருந்தால் லைட் அணைய வழக்கத்தைவிட ஓரிரு நொடி கூடுதலாகும். பத்து நொடி ஆகியும் அணையவில்லையென்றால் நிறுத்திவிட்டு ஆயில் அளவை மறுபடி பாருங்கள், பில்டருக்குள் போன ஆயில் அளவில் குறைந்திருக்கும். அணைந்துவிட்டால் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, பில்டர் ஓரத்தையும் டிரெயின் போல்ட்டையும் சுவிட்ச் அடியையும் காய்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். துணி காய்ந்தே வந்தால் வண்டியை எடுக்கலாம்.